பாம்பன் பாலத்தில் நான் வாய் திறக்காத நாள்

நைனா,

நேற்று முன்தினம் காலையில்தான் உன் அப்பாவும் நானும் ராமேஸ்வரத்திலிருந்து திரும்பி வந்தோம். உன்னைக் கடலில் கரைத்துவிட்டு வந்தோம் என்று எழுத வேண்டும், கை ஓட மாட்டேன் என்கிறது. நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். நெய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் சோறு, தண்ணீர் என்கிற அளவுக்குத்தான் பேச்சு. அவர் பேசாமல் இருப்பது நியாயம்தான். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறிய மாதிரி இருக்குது என்று நீ சிரிப்பாய். சிரித்தாலும் பரவாயில்லை, எழுதியே தீர வேண்டும். முப்பது வருஷம் உனக்குப் புத்தி சொன்னேன். பொய் சொல்லாதே, அடுத்தவர் பொருளை மாற்றி எடுக்காதே, ஏமாறுகிறவன் என்று தெரிந்து ஏமாற்றாதே என்று. இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்லப் புத்தி ஒன்றும் மிச்சமில்லை. மகனுக்குக் கல்யாணம் செய்யப்போகிற யாராவது ஒரு தாய் இதைப் படித்தால், அவளுக்குச் சொன்னதாக இருக்கட்டும்.

பாம்பனில் பாலத்து வேலை கிடைத்து நீ போன புதிதில் தினமும் போன் செய்வாய். நம் ஊரில் பிறந்தவனுக்குக் கடல் என்றால் மகாபலிபுரம்தான். ஒரு நாள் போய்க் காலை நனைத்துவிட்டு, மணலை உதறிவிட்டு வருகிற கடல். அங்கே போன பிறகு உன் பேச்செல்லாம் அந்தக் கால்வாயைப் பற்றியே இருந்தது. இந்தப் பக்கம் மண்டபம், அந்தப் பக்கம் தீவு, நடுவில் ஓடுவது கடல்தான், ஆனால் ஆறு மாதிரி இழுத்துக்கொண்டு போகும் என்றாய். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்களாம். “ஆறு மாசம் அது அடங்கியிருக்கும், ஆறு மாசம் இது அடங்கியிருக்கும்மா. ரெண்டும் ஒரே நேரத்துல கத்தாது” என்றாய். பக்கத்தில் தறியில் ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா, “நம்ம வூட்ல அப்படி ஒரு ஏற்பாடு இல்லியேப்பா” என்றார். நீ அங்கே சிரித்தது எனக்கு இங்கே கேட்டது.

பிறகு ஒரு நாள் பாலத்தின் மேலிருந்து எடுத்த போட்டோ ஒன்றை அனுப்பினாய். கரையோரத் தண்ணீர் பச்சை, நடுவில் ஓடுகிற தண்ணீர் நீலம். “அப்பா, இந்தப் பச்சையில உடம்பு, இந்த நீலத்துல பார்டர். ஒரு புடவை நெய்ஞ்சு வை. பட்டு, ஜரிகை எல்லாம் என் சம்பளத்துல” என்றாய். யாருக்குடா என்று கேட்டேன். முதலில் நெய்யுங்கள் என்றாய். சாயம் போடுகிறவர் உன் அப்பாவின் போனை வாங்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “யோவ், இது ஒரு கலராய்யா? காத்தடிச்சா மாறிடும் போல இருக்குது. எந்த நிமிஷத்துப் பச்சை வேணும், அதைச் சொல்லு” என்றார். மூன்று முறை தோய்த்த பிறகுதான் உன் அப்பாவுக்குத் திருப்தி வந்தது. குறுக்கே ஓடுகிற ஊடை நூலை நானே தாரில் சுற்றிக் கொடுத்தேன். வாலாஜாபாத்தில் இருக்கும் என் தம்பி மகளை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினேன். அவளுடைய சிவப்புக்கு இந்தப் பச்சை எடுக்கும் என்று நினைத்துக்கொண்டே சுற்றினேன். நீ அவளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்த வாரத்தில்தான் நீ வந்து விஷயத்தைச் சொன்னாய். பெயர் ரோஸ்லின், பாம்பனில் ஒரு மருந்துக்கடையில் வேலை, அவள் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் என்றாய். “மீன் புடிக்கிறவங்க வூட்டுப் பொண்ணா?” என்று கேட்டேன். “ஆமாம்மா” என்றாய், ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி. “நாத்தம் அடிக்கும்டா. பட்டு இருக்கிற வூடு இது. துணியில ஏறிடும்” என்றேன். நீ கோபப்படவில்லை. “புழுவைக் கொதிக்கிற தண்ணியில போட்டுத்தானேம்மா பட்டு எடுக்கறாங்க. அந்த நாத்தம் போனதுன்னா இது போவாதா?” என்றாய். உன் அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எனக்கு இன்னும் ஏறியது. மூன்று நாள் நான் சமைத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தேன். நான்காவது நாள், “சரி, அந்தப் பொண்ணைப் பாத்துட்டு வரேன்” என்றேன். நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நம்பினாய்.

நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறி வைத்திருக்கிற வீட்டில் மகனுக்குப் பெண் அமைந்தால், சொந்தத் தறியில் நெய்த பட்டை மாமியார்க்காரி தன் கையால் பெண்ணின் தோளில் போட வேண்டும். தோளில் விழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது. தாலி ஏறாவிட்டாலும் அவள் எங்கள் வீட்டுப் பெண். நான் அந்தப் பட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். போடாமல் வந்தால் நீ என்னை விடமாட்டாய். போட்டால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. தோளில் போடுவது பட்டாக இல்லாவிட்டால்? பட்டில்லாத துணியைப் போட்டால், போட்டதாகவே ஆகாது. நாளைக்கு உன் மனசு திரும்பினால், காமாட்சி முன்னால் நின்று, நான் யாருக்கும் பட்டு போடவில்லை என்று துணிந்து சொல்லலாம். வேறு எந்த ஊர்ப் பொம்பளைக்கும் இப்படி ஒரு ஓட்டை கண்ணில் பட்டிருக்காது, நைனா. பட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத்தான் பட்டது.

வெளியூர்க்காரர்கள் வண்டியிலிருந்து இறங்கியதும் கையைப் பிடித்து இழுக்கிற கடைகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றுக்குப் போனேன். அந்தக் கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் காறித் துப்பாத குறையாகப் போவேன் என்பது கடைக்காரனுக்குத் தெரியும். “இன்னாக்கா, தறிக்காரம்மா நம்ம கடைக்கு? வழி தவறிட்டீங்களா?” என்றான். பச்சை உடம்பு, நீல பார்டர், பார்வைக்குப் பட்டு மாதிரி இருக்க வேண்டும் என்றேன். எடுத்துப் போட்டான். கை வைத்தேன், பாலியஸ்டர். “யாருக்குக்கா?” என்றான். “வெளியூர் ஆளுக்கு. அவங்களுக்குத் தெரியாது” என்றேன். அவன் சிரித்தான். “அதையேதான்க்கா நாங்களும் சொல்லிக்கினு இருக்கோம். நீங்கதான் திட்டுறீங்க.” காது வரைக்கும் சூடு ஏறியது. ஆனாலும் வாங்கிக்கொண்டு வந்தேன். உன் அப்பா கண்முன்னால் அசல் புடவையைப் பையில் வைத்தேன். அவர் டீ குடிக்கத் தெருவில் இறங்கியதும் மாற்றினேன். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு அப்போது கால் வீக்கம், பிரயாணம் முடியாது. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

அந்த நாளில் ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும். பழைய பாலத்தில் ஓட்டத்தை நிறுத்தியிருந்தார்கள், புதுப் பாலத்துக்கு நீங்கள் தூண் எழுப்பிக்கொண்டிருந்தீர்கள். ஸ்டேஷனில் நீ நின்றாய். நல்ல சட்டை போட்டிருந்தாய். ஆட்டோ ரோட்டுப் பாலத்தின் மேல் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் விரிந்தது. நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். “திரும்பி வரும்போது நடுவுல நிறுத்தி நல்லாப் பாக்கலாம்மா. இப்ப அவங்க காத்துக்கினு இருப்பாங்க” என்றாய்.

ரோஸ்லினுடைய அம்மா வாசலுக்கே ஓடி வந்தாள். கடலுக்கு அடியில் பாறையில் பாசி பறிக்கிற பெண். விரல்களில் சுற்றியிருந்த துணிப்பட்டையைக்கூட இன்னும் முழுசாக அவிழ்க்கவில்லை. “வாங்க மதினி, வாங்க. ரயில்ல உக்காந்து உக்காந்து இடுப்பு விட்டுப் போயிருக்குமே. மதினி வாராகன்னு காலையிலயே நல்ல பாறை மீனா எடுத்து வச்சுட்டேன்” என்றாள். “எனக்கு இன்னிக்கு வெள்ளிக்கிழமை” என்றேன். அவள் விழித்தாள். “இன்னைக்குச் சனிக்கிழமைல்ல மதினி?” நான் விடவில்லை. “எங்க வூட்ல சனிக்கிழமையும் விரதம்தான்” என்றேன். “நாளைக்கு ஞாயித்துக்கிழமையும் விரதமாம்மா?” என்று நீ கேட்டாய். அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி வேகாத வாரம் கிடையாது என்று நீ ஏற்கெனவே சொல்லியிருப்பாய் போல. ரோஸ்லின் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் எனக்கென்று தனியாக ரசம் வைத்துக் கொண்டுவந்தாள். மீன் படாத புதுப் பாத்திரம் என்று எனக்குத் தெரிய வேண்டுமே என்று, அதில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரைக்கூட உரிக்காமல் வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்தேன், நைனா. பார்த்துவிட்டு, கெட்டிக்காரிதான் என்று மனதுக்குள் குறை சொன்னேன்.

சாப்பிட்டு முடித்ததும் புடவையை எடுத்தேன். அந்த அம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “நான் தொடமாட்டேன் மதினி. என் விரல் முள்ளு முள்ளா இருக்கு, பட்டு இழுத்துக்கும்” என்றாள். பிறகு ஆசை தாங்காமல் புறங்கையால் மெதுவாக, குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி ஒரு தடவை தடவினாள். “அண்ணனே நெஞ்சதாமே? தம்பி சொல்லிச்சு” என்றாள். ஆமாம் என்றேன். வாய் கூசவில்லை. எழுந்து ரோஸ்லின் தோளில் போட்டேன். போடும்போதே அது வழுக்கிக் கீழே விழுந்தது. நீ குனிந்து எடுத்தாய். எடுத்த கை அப்படியே நின்றது. தறி வீட்டில் தவழ்ந்த கை அது, அதை ஏமாற்ற முடியாது என்பதை நான் எப்படி மறந்தேன்? கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தேன். நீ புடவையை உதறி, இரண்டு கையாலும் பிரித்து, அவள் தோளில் நீயே போட்டாய். “அப்பா கலரை நல்லாப் புடிச்சிருக்காரு, இல்ல?” என்று அவளிடம் கேட்டாய். உன் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை.

திரும்பும்போது சொன்னபடி நடுப்பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாய். கார்களை ஓரமாக விட்டுவிட்டு ஊர் ஊராக வந்த ஜனம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. காற்று என் முந்தானையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது, நீ அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாய். கீழே உன் புதுத் தூண்கள் வரிசையாக நின்றன, பக்கத்தில் பழைய பாலம் ஆள் இல்லாத வீடு மாதிரி கிடந்தது. எது பெண்கடல், எது ஆண்கடல் என்று கை நீட்டிக் காட்டினாய். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது பார் என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். “இங்க இன்னா பேசினாலும் காத்து வாரிக்கினு போயிடும்மா. பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடக் கேக்காது. எதனா சொல்லணும்னா சொல்லு” என்றாய். நீ எனக்குக் கதவைத் திறந்து வைத்தாய். மாற்றிவிட்டேன்டா, தப்புதான், அசலைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? “எனக்குத் தலை சுத்துது, போலாம்பா” என்றேன். நீ உடனே நகரவில்லை. கீழே ஒரு படகு பாலத்தைக் கடந்து அந்தப் பக்கக் கடலுக்குப் போகும் வரை நின்றாய். பிறகு “சரிம்மா” என்றாய். நாட்டில் உள்ளவர்களெல்லாம் வந்து பார்க்கிற அந்த இடத்தில் நான் பார்த்தது கைப்பிடிக் கம்பியின் துரு மட்டும்தான்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை, காய்ச்சல் என்றேன். உன் அப்பா வந்தால் புடவையைப் பார்த்துவிடுவார் என்று அவர் காலைக் காட்டி அவரையும் நிறுத்தினேன். நீ அனுப்பிய கல்யாணப் போட்டோவைப் பார்த்து, “கலரு போட்டோவுல வேற மாதிரி வுழுந்துக்குதே” என்றார். போன் பழசு என்றேன். அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நீ கேட்டபோதெல்லாம், தறியில் புதுப் பாவு ஏற்றுகிறோம், வீடெல்லாம் நூலாகக் கிடக்கிறது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்றேன். இரண்டு வருஷமாகவா ஒரு வீட்டில் பாவு ஏற்றுவார்கள்? நெசவாளி மகனிடம் இதைச் சொன்னேன், நீயும் கேட்டுக்கொண்டாய். தெருவில் கேட்டவர்களிடம் உனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றேன். என் தம்பி மகளுக்கு வேறு இடத்தில் முடிந்து குழந்தையும் பிறந்துவிட்டது. அசல் புடவை மட்டும் பீரோவில் இருந்தது. மடிப்பில் இற்றுப் போகாமல் இருக்க மாதம் ஒரு தடவை எடுத்து மடிப்பு மாற்றி வைப்பேன். உன்னை மாதம் ஒரு தடவை நான் கூப்பிட்டுப் பேசியதில்லை. நீதான் கூப்பிடுவாய்.

குளித்துவிட்டு வந்து தலை வலிக்கிறது என்று படுத்தாயாம். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் நரம்பு வெடித்தது என்றார்கள். உன்னை அங்கேயே அடக்கம் செய்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ரோஸ்லின்தான், அவர் பிறந்த ஊரில், அவர் வீட்டு வழக்கப்படி நடக்கட்டும் என்று சொல்லி, ஆம்புலன்ஸில் உன் தலைமாட்டில் உட்கார்ந்து அவ்வளவு தூரம் வந்தாள். என் மருமகள் என் வீட்டு வாசற்படியை முதல் தடவை மிதித்தது உன் உடம்புக்குப் பின்னால். உன்னைக் கூடத்தில் கிடத்தியதும் அவள் பையிலிருந்து அந்தப் பச்சைப் புடவையை எடுத்தாள். “மாமா நெஞ்சது. அவுககூடவே போகட்டும்” என்று சொல்லி உன் மேல் போர்த்தினாள். உன் அப்பா உன் முகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஆனால் அது நெசவாளிகள் தெரு. எதிர்வீட்டுத் தனம் உன் காலைத் தொட்டுக் கும்பிடுகிற சாக்கில் புடவையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். என் காதருகே வந்து, “இன்னாக்கா, நம்ம தெருவுல இருந்து பாலியஸ்டர் போர்த்தியா அனுப்புறது?” என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அந்தப் பொண்ணு வாங்கினதா இருக்கும். மீன்காரங்களுக்கு இன்னா தெரியும்” என்றேன். நீ என் காலடியில் கிடக்கும்போது சொன்னேன். இத்தனை செய்ததிலும் இதை எழுதும்போதுதான் எனக்கு மேல் மூச்சு வாங்குகிறது.

மறுநாள் காலையில் பால் தெளித்து எலும்பு எடுக்க உன் அப்பா சுடுகாட்டுக்குப் போனார். திரும்பி வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். மூடியிருந்த கையைத் திறந்தார். உள்ளே கருப்பாக, உருகி இறுகிப்போன ஒரு கட்டி. விறகுக்கு வெளியே சரிந்து கிடந்த ஓரமாக இருக்க வேண்டும். “இது இன்னாடி?” என்றார். “பட்டு மயிர் மாதிரி பொசுங்கும். தொட்டாத் தூளாப் போவும். நான் நெய்ஞ்சது இப்படி உருகாது. என் புள்ள மேல இன்னாடி போட்டு அனுப்பின?” நான் போய் பீரோவைத் திறந்தேன். அவர் அந்தப் புடவையைத் தொடக்கூட இல்லை. வாசலில் நின்றபடி பார்த்தார். “நாப்பது வருசமா இந்த ஊர்ல பட்டுன்னு சொல்லி ஏமாத்தறவன் எவன் எவன்னு பேசிக்கினு இருந்தேன்” என்றார். நடுவீட்டில் ரோஸ்லின், கூட வந்திருந்த தன் அம்மா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். “அஸ்தியை நான் கரைக்கிறேன். அவளாண்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்லமாட்டேன்” என்றார். அவள் எங்களோடு பத்து நாள் இருந்தாள். பத்து நாளும் நான் சொல்லவில்லை. காரியம் முடிந்து அவள் ஊருக்குப் போன பிறகும் தள்ளிப்போட்டேன். உன் அப்பா ரயிலுக்குச் சீட்டு வாங்கி வந்து என் முன்னால் வைத்த பிறகுதான் கிளம்பினேன்.

இந்தத் தடவை ரயில் மண்டபத்தில் நிற்கவில்லை. உங்கள் புதுப் பாலத்தின் மேல் ஊர்ந்து போயிற்று. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். “எம்மா, இந்தப் பக்கம் வந்து பாருங்க, கப்பல் மேல போற மாதிரி இருக்குது” என்று யாரோ ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். பச்சை அப்படியே இருந்தது, நீலம் அப்படியே இருந்தது. உன் அப்பா சாயக்காரரை மூன்று தடவை தோய்க்க வைத்தது வீண் போகவில்லை, மடியில் இருந்த புடவையும் அதே நிறம்தான். உன் அப்பா கிளம்பியதிலிருந்து பேசாதவர், “இது அவன் போட்ட தூணு” என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா, தெரியாது. அஸ்திப் பானையைக் கொஞ்சம் உயர்த்தி ஜன்னல் மட்டத்துக்குப் பிடித்துக்கொண்டார். பாலம் முடியும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

ராமேஸ்வரத்தில் எல்லாம் முடித்துவிட்டு மத்தியானம் பாம்பனுக்குப் போனோம். அந்த அம்மாள் இந்தத் தடவை மீன் சமைக்கவில்லை, நான் விரதமா என்று கேட்கவும் இல்லை. “என்ன மதினி, பாதியாப் போயிட்டீக” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ரோஸ்லினிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். அவள் என்னைப் பாலத்துக்கு அடியில், வள்ளங்கள் கட்டிக் கிடக்கும் கரைக்குக் கூட்டிப் போனாள். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தோம். தலைக்கு மேல் பஸ் போகிற சத்தம். எதிரே கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது. “அந்தப் புடவை இருக்குதேம்மா” என்று ஆரம்பித்தேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே, “அன்னைக்கே கேட்டேன் அத்தே” என்றாள். “எதைம்மா?” என்றேன். “எதிர்வீட்டு அக்கா கேட்டதையும் கேட்டேன், நீங்க சொன்னதையும் கேட்டேன். உங்க காலுகிட்டதான உக்காந்திருந்தேன்.” “அப்பவே என்னைக் கேக்கக் கூடாதாம்மா? நாலு வார்த்தை திட்டக் கூடாதா?” என்றேன். “அவுகளைக் கிடத்தி வச்சுக்கிட்டு சண்டை போடச் சொல்றீகளா?” என்றாள்.

ஆனாலும் நான் முழுசாகச் சொன்னேன். கடைக்குப் போனதிலிருந்து, பையில் மாற்றி வைத்ததிலிருந்து, உன் அப்பா கொண்டுவந்து காட்டிய கட்டி வரைக்கும் சொன்னேன். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். பையிலிருந்து அசல் புடவையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். தோளில் போட எனக்குத் தைரியம் இல்லை. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்துப் பார்த்தாள். கொஞ்சம் பிரித்து, வெயிலில் பிடித்து, தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து என் மடியில் வைத்தாள். “இது வேணாம் அத்தே.” “இதுதாம்மா அசல். உனக்குன்னு அவன் சொன்ன கலரு, உங்க மாமா கையால நெய்ஞ்சது” என்றேன். “இருக்கட்டும். எனக்குப் பட்டு எது, இன்னொண்ணு எதுன்னு தெரியாது. நீங்க போட்ட சேலை கீழ விழுந்துருச்சு. அவுக எடுத்து என் தோள்ல போட்டாக. எனக்கு அதுதான் சேலை. அது அவுககூடப் போயிருச்சு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மருந்துக்கடையில் கேட்ட மாத்திரை இல்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். இந்தப் பட்டை இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிக்கொள்ள முடியாது, விற்க முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. இப்போது அது தறிப் பக்கத்துப் பலகையில், உன் அப்பா கண்ணில் படுகிற இடத்தில்தான் இருக்கிறது. அதை மறைத்து வைக்க எனக்கு உரிமை இல்லை.

எழுந்து மணலைத் தட்டிக்கொண்டபோது ரோஸ்லின், “ஒண்ணு மட்டும் இப்பத்தான் அத்தே புரியுது” என்றாள். “கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல ஆளுக்கொரு மெழுகுவத்தி பிடிக்கணும். அவுக என்னோடதையும் பிடுங்கித் தன் கையில வச்சுக்கிட்டாக. சாமியாரே சிரிச்சிட்டாரு. அதுக்கப்பறம் திருவிழாவோ கிறிஸ்துமஸோ, அந்தச் சேலையை நான் கட்டுனா விளக்குகிட்ட விடமாட்டாக, அடுப்புகிட்ட விடமாட்டாக, மத்தாப்பு கொளுத்துற பிள்ளைக வந்தாக்கூட நடுவுல வந்து நின்னுக்குவாக. பட்டு கருகிரும்னு இம்புட்டுக் கஞ்சத்தனமான்னு கேலி பண்ணுவேன். ‘ஆமா, எங்கம்மா குடுத்ததாச்சே’ம்பாக.” அவள் அதைச் சொல்லி லேசாகச் சிரித்தாள். உன் நினைப்பில் வந்த சிரிப்பு. பட்டில் பொறி பட்டால் பட்ட இடத்தில் பொசுங்கி அடங்கிவிடும். நான் வாங்கிக் கொடுத்தது அப்படி அடங்காது, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாங்கும்போது அந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டு விளக்கு ஏற்றுவாள் என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைக்கவில்லை. இரண்டு வருஷம், ஒவ்வொரு தடவையும், நீ நினைத்தாய்.

அவள் என்னைக் கைபிடித்து மேட்டில் ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து ரசமும் சோறும் சாப்பிட்டேன், ரயில் ஏறினேன், பாலத்தைக் கடந்தேன், ஊர் வந்து சேர்ந்தேன். வழி முழுக்க ஒரே ஒரு கேள்விதான். அவளிடம் கேட்க முடியாது, உன் அப்பாவிடம் கேட்க வாயில்லை. அந்த மெழுகுவத்தியை அவள் கையிலிருந்து வாங்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டாயே, எங்கம்மா கொடுத்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அந்த நேரத்தில் உன் மனசுக்குள்ளும் நான் உனக்கு அம்மாவாகத்தான் இருந்தேனா, நைனா?